பாலாட்ட ஒரு ரத்தம்

அந்தச் சின்ன பாட்டிலை என் கையில் கொடுத்தது நர்ஸ் இல்லை, நோயாளியின் மனைவி. 1994, ஐப்பசி மழை, இரவு பதினொன்றரை மணி இருக்கும். ஈரோட்டுப் பக்கம் ஒரு ஊரில், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், ராத்திரி நேரத்துச் சாம்பிளை லேபுக்குக் கொண்டுவந்து கொடுப்பது கூட இருக்கும் ஆட்களின் வேலை. வார்டிலிருந்து முற்றத்தைத் தாண்டித்தான் லேபுக்கு வரவேண்டும். முந்தானையால் பாட்டிலை மூடிக்கொண்டு, தலை நனைய வந்து நின்றார். கழுவிக் காயவைத்த பெனிசிலின் பாட்டிலில் கொஞ்சம் ரத்தம், ஒரு கண்ணாடிக் குழாயில் உறையவிட்ட ரத்தம்.

கொடுத்துவிட்டுப் போகாமல் தயங்கினார்.

"ஏனுங்க அம்மிணி, ரத்தம் பாலாட்ட இருக்குதுங்களே. இப்படித்தானுங்களா இருக்கும்?"

டி.எம்.எல்.டி. முடித்து வேலைக்குச் சேர்ந்து எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. 22 வயது. "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க்கா, ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் சொல்லுவாருங்க" என்று வாங்கி ஸ்டாண்டில் செருகினேன். பாட்டிலை நான் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்தேன். லாரி டிரைவர், வயது 34, மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, வாந்தி. கேட்டிருந்தவை ஹீமோகுளோபின், சுகர், யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், எஸ்.ஜி.பி.டி., அமைலேஸ்.

சென்ட்ரிஃப்யூஜை நிறுத்தி மூடியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். சுழற்றி எடுத்த குழாயில் அடியில் ரத்தக் கட்டி இருக்கும், மேலே சீரம் நிற்கும். நல்ல சீரம் செக்கில் ஆட்டித் தெளிந்த கடலெண்ணெய் மாதிரி மஞ்சளாக, பின்னால் பிடித்த விரலின் ரேகை தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். இந்தக் குழாயில் அடியில் சிவப்பு, மேலே சுத்த வெள்ளை. தண்ணீர் கலக்காத எருமைப்பால் போல. பின்னால் விரலை வைத்தேன், விரலே தெரியவில்லை.

எனக்கு வந்தது பயம் இல்லை, எரிச்சல். கொழுப்புக் கலந்த சாம்பிள் என்றால் எல்லா டெஸ்டையும் இரண்டு முறை செய்யவேண்டும், எதுவும் ஒழுங்காக நிற்காது. 'லைப்பீமிக்' என்று நோட்டில் எழுதி வைப்பதோடு எங்கள் மரியாதை முடிந்துவிடும். பேச்சில் அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'நெய் ரோஸ்ட் சாம்பிள்'. சாப்பிட்டுவிட்டு வந்து நம் உயிரை வாங்குகிறார்கள் என்பதுதான் அதன் பொருள்.

அந்த எரிச்சலுக்கு ஒரு முன்கதை உண்டு. அதற்கு இரண்டு மாதம் முன்பு, முதல் பஸ் பிடித்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தார். சீரம் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. "என்ன சாப்பிட்டீங்க?" என்றேன். "ஒண்ணும் இல்லை கண்ணு, நேத்து ராத்திரி ஒரு வாய் சோறு, அவ்வளவுதான்" என்றார். "பொய் சொல்லாதீங்க. காப்பி குடிச்சிருப்பீங்க. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போனது. மறுநாள் வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

சாப்பிட்ட கொழுப்பு குடலிலிருந்து கைலோமைக்ரான் என்ற பெரிய துகள்களாக ரத்தத்துக்கு வருகிறது. சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்தில் கலங்கல் உச்சத்தில் இருக்கும். ஆரோக்கியமான உடம்பில் 12 மணி நேரத்துக்குள் முழுக்கத் துடைத்து எடுக்கப்பட்டுவிடும். எனவே வெறும் வயிற்றுச் சீரம் கலங்கியிருந்தால் ஒன்று, அவர் சாப்பிட்டிருக்கிறார். இல்லையென்றால் அவர் உடம்பால் கொழுப்பைத் துடைக்க முடியவில்லை. இரண்டாவது இருந்தால் அது நோய். இதைப் பரீட்சைக்குப் படித்து எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனாலும் அந்த அம்மாளைப் பொய்க்காரி என்றேன்.

கலங்கல் ஏன் மெஷினை ஏமாற்றுகிறது என்பதும் தெரிந்த பாடம்தான். எங்கள் டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதி விளக்கவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னார். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் இங்க் ஃபில்லரால் சில சொட்டுப் பால். பக்கத்தில் டார்ச்சை வைத்து அடித்தார். பக்கவாட்டில் பார்த்தவர்களுக்குத் தண்ணீர் லேசான நீலமாகத் தெரிந்தது. டார்ச்சுக்கு நேர் எதிரில் இருந்து பார்த்தவர்களுக்கு அதே பல்ப் மஞ்சளாக, இன்னும் சில சொட்டு விட்டதும் செம்மஞ்சளாகத் தெரிந்தது. நீலம் போன்ற குட்டை அலைகள் துகள்களில் மோதி அதிகமாகச் சிதறுகின்றன. சிவப்பு போன்ற நீள அலைகள் பெரும்பாலும் நேராகப் போய்விடுகின்றன. 1921-இல் கப்பலில் வரும்போது கடல் ஏன் நீலம் என்று சி.வி. ராமன் கேட்ட கேள்வியும் ஒளி சிதறுவதைப் பற்றியதுதான் என்று சொல்லிவிட்டு, டார்ச்சை அணைத்தார்.

"இப்ப உங்க மெஷினை நினைச்சுக்கோங்க. இந்தப் பக்கம் விளக்கு, அந்தப் பக்கம் கண். நடுவில் சாம்பிள். எவ்வளவு வெளிச்சம் வந்து சேரவில்லையோ, அதை எல்லாம் நிறம் விழுங்கிவிட்டது என்று அது கணக்கு எழுதும். பாதி வழியில் சிதறிப் போனது அதுக்குத் தெரியாது."

ஒளியைக் கொண்டு அளக்கும் வேலை முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. கரைசலில் பொருள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஒளி விழுங்கப்படும் என்ற பியர்–லாம்பர்ட் விதி தெளிந்த கரைசலுக்கு எழுதப்பட்டது. கலங்கலுக்கு இல்லை.

அந்த இரவு எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. எஸ்.ஜி.பி.டி.க்கு 340 நானோமீட்டரில் பார்க்கவேண்டும். அது ஊதாவுக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத குட்டை அலை. கலங்கலிடம் முதலில் தோற்பது அதுதான். மெஷின் ரீடிங்கே கொடுக்காமல் எல்லைக்கு மேல் என்று நின்றுவிட்டது. அமைலேஸ் கிட்டத்தட்ட சாதாரண அளவைக் காட்டியது. அப்போது எங்களிடம் இருந்தது ஸ்டார்ச்சும் அயோடினும் கொண்டு செய்கிற முறை. அமைலேஸ் ஸ்டார்ச்சைத் தின்னத் தின்ன நீலம் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துத்தான் கணக்கு. கலங்கல் மிச்ச நீலத்தோடு சேர்ந்துகொண்டால் நீலம் குறையாதது போலத் தெரியும். எனக்கு அது உறைக்கவில்லை. நார்மல் என்று எழுதினேன்.

சோடியத்துக்கு ஃபிளேம் போட்டோமீட்டர். கேஸைத் திறந்து, கம்ப்ரஸரைப் போட்டு, நீல ஜுவாலை நிலைத்த பிறகு 0.1 மில்லி சீரத்தை 10 மில்லி தண்ணீரில் கலந்து உறிஞ்சக் கொடுத்தேன். சோடியம் ஏறியதும் ஜுவாலை மஞ்சளாகும். அந்த மஞ்சளின் பிரகாசம்தான் அளவு. 125 வந்தது. சாதாரணமாக 135-க்குக் குறையக் கூடாது. மறுபடி வைத்தேன், 124. உடனே இன்டர்காமில் டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். நோயாளி மந்தமாக இருக்கிறார், அதனால்தான் போலிருக்கிறது, 3 சதவீத சலைன் ஏற்றிவிடலாம் என்றார். சீக்கிரமாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

என்னை நிறுத்தியது ஹீமோகுளோபின். 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை 5 மில்லி டிராப்கின் கரைசலில் கலந்து 540-இல் பார்த்தால் 17.8 கிராம். விண்ட்ரோப் குழாயிலோ சிவப்பணுக்களின் அளவு, அதாவது பி.சி.வி., 42 சதவீதம்தான். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறத்தாழ பி.சி.வி. வரவேண்டும் என்பது லேபில் கால்வைத்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற வாய்ப்பாடு. 17.8-ஐ மூன்றால் பெருக்கினால் 53. அணுக்களுக்குள் இவ்வளவு ஹீமோகுளோபின் அடைய இடமே கிடையாது. இந்த எண் நடக்க முடியாத எண்.

அப்போதுதான் பெனிசிலின் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அடியில் அணுக்கள் கொஞ்சம் படிந்து, மேலே ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு பட்டை நின்றது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்தப் பெண் முற்றத்து விளக்கில் பார்த்துவிட்டுச் சொன்னது இதைத்தான்.

எங்கள் பேத்தாலஜிஸ்ட்டுக்குப் போன் போட்டேன். மழைக்கோட்டு கூட இல்லாமல் டி.வி.எஸ். 50-இல் வந்துசேர்ந்தார். குழாயை டியூப்லைட்டுக்கு நேரே ஒரே ஒரு முறை பிடித்தார். "ஏம்மா, டியூட்டியில் இருக்கிறவருக்கு முதல்ல போன் போடு. சலைனை ஏத்த வேண்டாம்னு சொல்லு. மத்ததை அப்புறம் பேசலாம்."

போனை வைத்துவிட்டு வந்ததும், அதே பாட்டிலிலிருந்து அணுக்களைப் பிரித்துவிட்டு, வெறும் பிளாஸ்மாவை மட்டும் 20 மைக்ரோலிட்டர் எடுத்து டிராப்கினில் போடச் சொன்னார். அதில் ஹீமோகுளோபின் துளியும் இல்லை. ரீடிங் பூஜ்யம் வரவேண்டும். 6.5 கிராம் வந்தது. சிவப்பே இல்லாத வெள்ளைத் தண்ணீரில் மெஷின் ஆறரை கிராம் ரத்தச் சிவப்பைப் பார்த்திருக்கிறது. ரத்தத்தில் பிளாஸ்மாவின் பங்கு 58 சதவீதம், 6.5-இல் 58 சதவீதத்தை 17.8-இலிருந்து கழித்தால் 14. மூன்றால் பெருக்கினால் 42. காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் போட்ட அந்தக் கழித்தல் கணக்கு சரியாக வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மெஷினின் பொய்யை அதன் வாயாலேயே சொல்லவைத்து, அந்தப் பொய்யின் எடையையும் அளந்துவிட முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

சோடியத்தின் கதை வேறு. அங்கே ஜுவாலை பொய் சொல்லவில்லை. சாதாரணச் சீரத்தில் 93 சதவீதம் தண்ணீர், மிச்சம் புரதமும் கொழுப்பும். சோடியம் இருப்பது தண்ணீரில் மட்டும். "படியில் பாதி கல்லைப் போட்டு மேலே அரிசியைக் கொட்டினா படி நிறையும், அரிசி குறையும். அரிசி கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?" என்றார். நான் அளந்து எடுத்த 0.1 மில்லியில் கொழுப்பு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதரின் உடம்பில், தண்ணீரில், சோடியம் சரியாகவே இருந்தது. குறையாத உப்பைக் குறைந்ததாக நினைத்து உப்புநீரை ஏற்றியிருந்தால் மூளைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் அன்று சொல்லவில்லை. பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

டிரைகிளிசரைடை நேராக வைத்தால் மெஷின் தாங்காது. சலைனில் 20 மடங்கு நீர்த்து வைத்தோம். 6,800 மி.கி. சாதாரண எல்லை 150. ஆயிரத்தைத் தாண்டினாலே கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. கலங்கலைத் தனியே அளந்து கழித்துப் பார்த்த சுகர் 400-ஐத் தாண்டியது. தனக்கு சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது. கொழுப்பைத் துடைக்கிற நொதி வேலை செய்ய இன்சுலின் வேண்டும்; அது இல்லாமல் கொழுப்பு நாள் கணக்கில் ரத்தத்திலேயே தேங்கிக் கிடந்திருக்கிறது.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போகும்போது பேத்தாலஜிஸ்ட் என்னையும் வார்டுக்கு வரச் சொன்னார். நான் அதுவரை ஒரு நோயாளியையும் படுக்கையில் பார்த்ததில்லை. எனக்கு அவர்கள் குழாய்கள்தான். வலி ஊசியின் மயக்கத்தில் படுத்திருந்தவரின் சட்டைக் கையை மெதுவாக மடக்கிவிட்டு முழங்கையைக் காட்டினார். பாசிப்பயறு அளவில், மஞ்சள் தலையோடு, அடை அடையாய்ப் பொரிகள். "கொழுப்புதான்மா. தோலுக்கு வந்துருச்சு." பிறகு டியூட்டி டாக்டர் விழித்திரையைப் பார்க்கும் விளக்கை எடுத்து அவர் கண்ணுக்குள் பார்த்தார், ரத்தக் குழாய்கள் சிவப்பாக இல்லை, பால் வெள்ளையாக ஓடுகின்றன என்றார். அமைலேஸ் நார்மல் என்று நான் எழுதிய காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, கணைய அழற்சி என்றே வைத்தியத்தைத் தொடங்கினார்கள். வாய்வழி ஒன்றும் இல்லை, சாதாரண சலைன், இன்சுலின். காலையில் ஸ்கேனில் கணையம் வீங்கியிருந்தது.

நான் ஒன்றரை மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது. கலங்கலை ஒரு தடையாக நினைத்து, அதை எப்படியாவது தாண்டி ஒரு எண்ணைப் பிடித்துவிடப் பார்த்தேன். அந்தக் கலங்கல்தான் ரிப்போர்ட். வேறு எந்த டெஸ்டும் செய்யாமல், 'சீரம் பால் போல இருக்கிறது' என்று நான்கு வார்த்தை இன்டர்காமில் சொல்லியிருந்தால் பதினொன்றே முக்காலுக்கே நோய் பிடிபட்டிருக்கும். அந்தப் பெண் சொன்னார், நான் சொல்லவில்லை.

பிறகு முப்பது வருடம் லேபிலேயே கழிந்தது. இப்போது பெரிய மெஷின்கள் எல்லாச் சாம்பிளையும் டெஸ்டுக்கு முன்னாலேயே 660, 700 போன்ற நீள அலைகளில் ஒரு தடவை பார்த்து, கலங்கல் எவ்வளவு என்று ஒரு குறியீட்டு எண் கொடுத்துவிடுகின்றன. இரண்டு அலைநீளத்தில் அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் கொஞ்சம் கலங்கலைத் தாமே சரிசெய்கின்றன. அதிவேக சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால் கொழுப்பு மேலே ஏறி நிற்க, அடியிலிருந்து தெளிந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீர்த்து அளக்கும் மெஷின்களில் சோடியத்தின் அந்தப் பழைய பிழை இன்னும் அப்படியே இருக்கிறது. நீர்க்காமல் அளக்கும் ரத்தவாயு மெஷினில் ஒரு தடவை பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பார்க்கத் தோன்றவேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு மனசு ஆறாதது பார்கோடு ஸ்டிக்கர் விஷயத்தில். குழாயைச் சுற்றி ஒட்டிவிடுகிறார்கள், உள்ளே என்ன நிறம் என்றே தெரியாமல் மெஷினுக்குப் போகிறது. நான் இருந்தவரை, நீளவாக்கில் ஒரு விரல் அகலம் கண்ணாடி தெரியும்படிதான் ஒட்டவேண்டும் என்று சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஒரு விரல் இடைவெளியில்தான் பின்னாளில் ஒரு கைக்குழந்தையின் பால்நிற ரத்தத்தைப் பார்த்தோம். பிறந்து ஆறு வாரம். புதிதாக வந்த பையன் 'சாப்பிடாமல் மறுபடி அனுப்பவும்' என்று எழுதப் போனான். பால் குடிக்கிற பிள்ளையை எப்படிப்பா பட்டினி போடுவது? தாய்க்குக் கட்டியிருந்தது சொந்தத் தாய்மாமனை. கொழுப்பைத் துடைக்கும் நொதியே பிறவியில் இல்லாமல் போகிற கோளாறு சொந்தத்துக்குள் கட்டுகிற குடும்பங்களில் வர வாய்ப்பு கூடுதல். எண் எதுவும் வரக் காத்திராமல் குழந்தை டாக்டரைக் கூப்பிட்டுக் குழாயை அவர் கையிலேயே கொடுத்தேன்.

அந்த லாரி டிரைவருக்குத் தினமும் காலையில் ரத்தம் எடுத்தோம். முதல் இரவின் குழாயை ஃபிரிட்ஜில் நிறுத்தி வைத்திருந்தார் பேத்தாலஜிஸ்ட் சார். காலையில் மேலே விரல்கடை அளவுக்கு ஆடை கட்டியிருந்தது, உறியில் வைத்த பால்சட்டியில் கட்டுவது போல. அதுதான் கைலோமைக்ரான். ஆடைக்குக் கீழேயும் தெளியவில்லை. அது கல்லீரல் அனுப்புகிற இன்னொரு வகை, துகள் சின்னது, மிதந்து ஏறாது. இரண்டும் சேர்ந்திருக்கிறது என்று அந்தக் குழாயே சொன்னது. அடுத்த நாள் குழாயைப் பக்கத்தில் வைத்தோம்: கெட்டி மோர். மூன்றாம் நாள்: நீர்மோர். நான்காம் நாள், பின்னால் வைத்த விரல் நிழலாகத் தெரிந்தது. சோடியம் அந்த 3 சதவீத சலைனை ஏற்றாமலே நாளுக்கு நாள் ஏறி 138-இல் வந்து நின்றது.

ஐந்தாம் நாள் சாம்பிளைக் கொண்டுவந்தது வார்டு பையன் இல்லை. அவர் மனைவிதான், தானே வாங்கி வந்திருந்தார். அன்று வெயில் அடித்தது. கொஞ்ச நேரம் உறைய விடவேண்டும், நீங்கள் போங்கள் அக்கா என்றேன். போகவில்லை, வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். சுழற்றி எடுத்துக் குழாயை அவரிடமே கொடுத்தேன். வாங்கி, ஜன்னல் பக்கம் போய், வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பின்னால் தன் விரலை வைத்துப் பார்த்தார். நான் செய்வதை ஐந்து நாளாகப் பார்த்திருக்கிறார்.

"ரேகை தெரியுதுங்க அம்மிணி" என்றார்.

வாங்கி நானும் பார்த்தேன். தெரிந்தது.